நாணயச் சோதனையும் கிராங்குத் தண்டும்

ஓடுகின்ற எஞ்சினின் தலைமேல் ஒரு ரூபாய் நாணயத்தை விளிம்பில் நிறுத்திக் காட்டுவதை உங்களுள் சிலர் பார்த்திருக்கலாம். நாணயம் விழாமல் நின்றால், சூழ நிற்பவர்கள் எஞ்சின் நன்றாகச் சமன் செய்யப்பட்டிருக்கிறது என்று தலையசைப்பார்கள். நானும் நெடுங்காலம் அவ்வாறு நிறுத்திக் காட்டிப் பெருமைப்பட்டவன்தான். புதுச்சேரிக்குத் தெற்கே, சுண்ணாம்பாற்றை அடுத்த பூரணாங்குப்பத்தில் வயல்களுக்கு நீர் இறைக்கும் டீசல் எஞ்சின்களைப் பழுது பார்த்தே என் தொழில் வளர்ந்தது. அந்த நாணயச் சோதனை ஒருநாள் என்னை ஏமாற்றிவிட்டது. ஏன் ஏமாற்றியது என்பதையும், கிராங்குத் தண்டைச் சமன் செய்த வேலை நல்லதா அல்லதா என்பதை எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்பதையும் இன்று மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழுமாக ஓடுகிறது. அந்த ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றித் தருவது கிராங்குத் தண்டு. இது நேரான தண்டு அன்று. கோணல் மாணலாக வளைந்தது. கனெக்டிங் ராடு பூட்டப்படும் முளைகள் தண்டின் மையத்தை விட்டு விலகி நிற்கின்றன. அவ்வாறு விலகிய பளுவுக்கு ஈடாக, எதிர்ப்புறத்தில் எதிர் எடைகளை வைத்தே தண்டை வார்க்கிறார்கள். ஆயினும் வார்ப்பிலும் கடைசலிலும் சிறு வேறுபாடு எஞ்சி நிற்கும். ஒரு பக்கம் சற்றே மிகுந்த எடை இருந்தால், சுழலும்போது அது தண்டை வெளிப்புறமாக இழுக்கும். கல்லைக் கயிற்றில் கட்டிச் சுழற்றும்போது கையை இழுக்கிறதே, அதே மையவிலக்கு விசைதான் இது.

இந்த விசையைப் பற்றி ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். எடை இரு மடங்கானால் விசை இரு மடங்காகும். எடை மையத்திலிருந்து இரு மடங்கு தொலைவு விலகினாலும் விசை இரு மடங்குதான். ஆனால் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகிறது. வேகம் மும்மடங்கானால் விசை ஒன்பது மடங்காகிறது. நான் ஏமாந்த இடம் இதுவே.

என் தமக்கையின் மகன் கோயம்புத்தூரில் பொறியியல் பயின்றுவந்தான். மோட்டார்ப் பந்தயத்தில் அவ்வூருக்கு ஒரு தனி மரபு உண்டு. 1995-இல் விமான விபத்தில் மறைந்த எஸ். கரிவரதன் என்பவர் அங்கே மாருதி 800 காரின் எஞ்சினைக்கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளை உருவாக்கினார். அவை ஃபார்முலா மாருதி எனப்பட்டன. விலையுயர்ந்த அயல்நாட்டு வண்டி இல்லாமலும் நம் இளைஞர்கள் பந்தயம் பழகலாம் என்னும் நிலையை அவை உண்டாக்கின. செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அந்த ஊக்கத்தில்தான் என் மருமகனும் அவன் தோழர்களும் அதே 796 கன சென்டிமீட்டர் எஞ்சின் ஒன்றை வாங்கித் தாங்களே ஒரு வண்டி கட்டினார்கள். கிராங்குத் தண்டை ஒரு பட்டறையில் கொடுத்துச் சமன் செய்து வாங்கினார்கள். எஞ்சினைப் பூட்டியதும் விடுமுறையில் ஊருக்குக் கொண்டுவந்து, "மாமா, நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்றான்.

நான் பார்த்தேன். எதிர் எடைகளில் புதிதாகத் துளைத்த துளைகள் பளபளத்ததாக அவன் முன்பே சொல்லியிருந்தான். எஞ்சினை ஓடவிட்டு நாணயத்தை நிறுத்தினேன். நின்றது. "அஞ்ச வேண்டாம், ஓட்டு" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு வாரங்கள் கழித்துப் பயிற்சி ஓட்டத்தில், எஞ்சின் நிமிடத்திற்கு 5000 சுற்றுகளைத் தாண்டியதும் வண்டி முழுவதும் அதிர்ந்தது. அவர்கள் எஞ்சினை ரப்பர்த் தாங்கிகள் இல்லாமல் சட்டத்தோடு நேராக முடுக்கியிருந்தார்கள். ஓட்டியவனுக்குக் கை மரத்துப்போனது. சற்று நேரத்தில் எண்ணெய் அழுத்தமானிக்குச் செல்லும் சிறு குழாய் அதன் பிடியருகே விரிசல் கண்டு, சூடான புகைக்குழாயின்மேல் எண்ணெய் தெறித்தது. புகையைக் கண்டதும் வண்டியை நிறுத்தி இறங்கிவிட்டதால் தீங்கின்றித் தப்பினான். தீப்பற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இன்றும் எண்ணிப் பார்ப்பதுண்டு. "ஓட்டு" என்று சொன்னவன் நான் அல்லவா?

தண்டைக் கழற்றி வேறொரு பட்டறையில் அளந்து பார்த்தோம். தண்டு மட்டும் சுழன்றபோது குறை ஒன்றும் இல்லை. முதற் பட்டறையார் செய்த வேலை செம்மையானதே. பிளைவீலையும் கிளட்ச் உறையையும் பூட்டி அளந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. வேகம் விரைவில் ஏற வேண்டும் என்பதற்காகப் பிளைவீலைப் பின்னர் லேத்தில் கடைந்து எடை குறைத்திருந்தார்கள். கிளட்ச் உறையும் புதியது. இரண்டையும் யாரும் சமன் பார்க்கவில்லை. பிளைவீல் முனையில் 2000 கிராம்-மில்லிமீட்டர் சமனின்மை இருந்தது.

கிராம்-மில்லிமீட்டர் என்பது மிகுந்த எடையை அது மையத்திலிருந்து விலகிய தொலைவால் பெருக்கி வரும் அளவு. 100 மில்லிமீட்டர் தொலைவில் 20 கிராம் மிகுதியாக இருந்தால் 2000. 2011-இல் வெளிவந்த ஒரு ரூபாய் நாணயம் 3.79 கிராம் எடை உள்ளது. ஆக, ஏறத்தாழ ஐந்து நாணயங்களைக் கிளட்ச் உறையின் ஓரத்தில் ஒட்டிவைத்ததற்கு ஒப்பானது அக்குறை. நிமிடத்திற்கு 6000 சுற்றில் அந்தச் சிறு எடை ஏறத்தாழ 80 கிலோகிராம் பளுவுக்கு நிகரான விசையோடு, வினாடிக்கு நூறு முறை திசை சுற்றி எஞ்சினை உலுக்குகிறது. ஆனால் நான் நாணயத்தை நிறுத்தியபோது எஞ்சின் 800 சுற்றில் அல்லவா ஓடிக்கொண்டிருந்தது! 6000 என்பது 800-ஐப் போல் ஏழரை மடங்கு. ஏழரையின் வர்க்கம் ஏறத்தாழ 56. அந்த மெதுவான ஓட்டத்தில் உலுக்கிய விசை ஒன்றரைக் கிலோகிராமுக்கும் குறைவு. நாணயம் நின்றதில் வியப்பு இல்லை. எங்கள் ஊர் வயல்களில் 650 சுற்றிலும் 1500 சுற்றிலும் ஓடும் எஞ்சின்களுக்குப் பழகிய என் கண், பந்தய எஞ்சினுக்குப் பொருந்தவில்லை.

ஆகவே, வேலையின் தரத்தைத் துளைகளின் பளபளப்பும் எஞ்சினின் ஓசையும் காட்டமாட்டா. அளந்த எண்களே காட்டும். சமன் செய்து வாங்குவோர் பட்டறையில் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு.

முதற் கேள்வி: தண்டு நேராக இருக்கிறதா? வளைந்த தண்டைச் சமன் செய்வது வீண் வேலை. தண்டை இரு முனைகளிலும் தாங்கி, நடுவில் டயல் கேஜ் வைத்து மெல்லச் சுழற்றினால் கோட்டம் தெரிந்துவிடும். இது முதலில் நடக்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: பிஸ்டன்களும் கனெக்டிங் ராடுகளும் தம்முள் ஒத்த எடை உடையனவா? பிஸ்டன்கள் ஒரு கிராம் வேறுபாட்டுக்குள் ஒத்திருக்கச் செய்வது கடினமன்று. ராடை மொத்தமாக நிறுத்தால் மட்டும் போதாது. அதன் பெரிய முனை தண்டோடு சுழல்கிறது. சிறிய முனை பிஸ்டனோடு மேலும் கீழும் ஓடுகிறது. ஆதலால் ராடைக் கிடையாகத் தாங்கி, ஒவ்வொரு முனையின் எடையையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

மூன்றாம் கேள்வி: எத்தனை தளங்களில் அளந்தீர்கள்? இரண்டு கத்தி விளிம்புகளின்மேல் தண்டை உருளவிட்டு, கனமான பக்கம் கீழே வந்து நிற்கிறதா என்று பார்க்கும் பழைய முறை ஒன்று உண்டு. நீண்ட தண்டுக்கு அது போதாது. முன் முனையில் மேற்புறம் 10 கிராமும் பின் முனையில் கீழ்ப்புறம் 10 கிராமும் மிகுந்திருந்தால், அசையாத நிலையில் இரண்டும் ஒன்றையொன்று ஈடு செய்துகொள்ளும். தண்டு எங்கும் உருளாது. சுழலும்போதோ ஒரு முனை மேலும் மறுமுனை கீழுமாக இழுபட்டுத் தண்டு தள்ளாடும். எனவே தண்டைப் பொறியில் சுழற்றி, இரு முனைகளிலும் அளந்து திருத்த வேண்டும். மாருதி 800 போன்ற மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு இன்னொன்றும் தேவை. ராடும் பிஸ்டனும் தண்டின்மேல் செலுத்தும் பளுவுக்கு ஈடாக, முளைகளில் கணக்கிட்ட போலி எடைகளைப் பூட்டிச் சுழற்ற வேண்டும். அந்த எடை எவ்வளவு, எந்தக் கணக்கில் வந்தது என்பது சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நான்காம் கேள்வி: இன்னும் எஞ்சியுள்ள சமனின்மை எவ்வளவு? "முற்றும் சமன்" என்று ஒருவர் சொன்னால் அவர் அளக்கவில்லை என்று கொள்ளலாம். குறை சிறிதேனும் எஞ்சத்தான் செய்யும். எவ்வளவு எஞ்சலாம் என்பதற்குப் பன்னாட்டுத் தர அமைப்பு படிகள் வகுத்துள்ளது. 6.3 என்னும் படியை எடுத்துக்கொண்டால், 6000 சுற்றில் ஒவ்வொரு கிலோகிராம் எடைக்கும் ஏறத்தாழ 10 கிராம்-மில்லிமீட்டர் எஞ்சலாம். தண்டும் பிளைவீலும் கிளட்சும் சேர்ந்து 15 கிலோகிராம் என்று கொண்டால், மொத்தம் 150. ஒரு முனைக்கு 75. எங்கள் எஞ்சினில் இருந்ததோ 2000! கிராங்குத் தண்டுகளுக்கு இதைவிடத் தளர்ந்த படிகளும் உண்டு. எந்தப் படிக்குச் செய்யப்பட்டது என்று அறிவதே முக்கியம்.

ஐந்தாம் கேள்வி: எவை எவை பூட்டப்பட்டிருந்தபோது அளந்தீர்கள்? முதலில் தண்டு மட்டும், பின்னர் முன்புறக் கப்பி, அதன்பின் பிளைவீல், இறுதியில் கிளட்ச் உறை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சமன் செய்வதே நன்று. அப்போதுதான் நாளை ஒன்றை மாற்றினாலும் மற்றவை கெடா. கிளட்ச் உறை எந்த நிலையில் பூட்டப்பட்டது என்பதற்கு அடையாளமும் இட வேண்டும். இந்தக் கேள்வியை நாங்கள் கேட்டிருந்தால் அந்தக் குழாய் விரிசல் கண்டிராது. பட்டறையார் எங்களிடம் பொய் சொல்லவில்லை, நாங்கள்தான் கேட்கவில்லை.

ஆறாம் கேள்வி: பொறியின் அளவை நம்பலாமா? இதற்கு எளிய சோதனை உண்டு. தண்டின் ஓரிடத்தில், 50 மில்லிமீட்டர் தொலைவில் 10 கிராம் களிமண்ணை ஒட்டச் சொல்லுங்கள். பொறி காட்டும் அளவு அவ்விடத்தில் 500 கூட வேண்டும். எடுத்துவிட்டால் பழைய எண் மீள வேண்டும். மும்முறை சுழற்றினாலும் ஏறத்தாழ ஒரே விடை வர வேண்டும். நல்ல வேலைக்காரர் இதற்குச் சினம் கொள்ளமாட்டார். மகிழ்ந்து செய்து காட்டுவார்.

கண்ணால் பார்த்து அறியத்தக்கனவும் சில உள. துளைகள் எதிர் எடைகளில் மட்டுமே இருக்க வேண்டும். எடை கூட்டுவதற்காகக் கனமான டங்ஸ்டன் கலப்பு உலோகத்தைப் பொருத்தியிருந்தால், அது தண்டுக்கு இணையான திசையில் துளைத்துச் செலுத்தப்பட்டிருப்பது நல்லது. மையத்திலிருந்து வெளிநோக்கிய துளையில் வைத்தால், மையவிலக்கு விசையே அதைப் பிடுங்கி எறியப் பார்க்கும். துளைத்த உலோகத் துகள்கள் எண்ணெய்த் துளைகளில் தங்காதவாறு கழுவப்பட்டிருக்கவும் வேண்டும்.

இவ்வளவு செய்தும் அதிர்வு முற்றிலும் நின்றுவிடுமா? நில்லாது. பட்டறையைக் குறை கூறுமுன் இதையும் அறிய வேண்டும். மூன்று சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன்களின் விசைகள் ஒன்றையொன்று ஈடு செய்துகொள்கின்றன. ஆனால் முன்னும் பின்னுமாக ஆட்டும் இயல்பு எஞ்சுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் சுற்றுக்கு இருமுறை வரும் அதிர்வு பிறவிக்குணம். ஒற்றைச் சிலிண்டருக்கோ பிஸ்டனின் விசையை எதிர் எடையால் முழுவதும் போக்க இயலாது. மேலும் கீழும் குலுக்குவதைக் குறைத்தால் முன்னும் பின்னும் குலுக்குவது மிகும். 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் உருவாக்கிய 346 கன சென்டிமீட்டர் புல்லட் வண்டியின் புகழ்பெற்ற அதிர்வு இவ்வகைப்பட்டது. 2020-இல் வெளிவந்த மீட்டியார் 350 எஞ்சினில் எதிர்த்திசையில் சுழலும் தனிச் சமன் தண்டு ஒன்றை வைத்தே அதைத் தணித்தார்கள். இயல்பான அதிர்வு வேறு. வேலைக் குறையால் வரும் அதிர்வு வேறு. மூன்று சிலிண்டர் எஞ்சின் சுற்றுக்கு ஒருமுறை, வேகம் ஏற ஏற வர்க்கமாகப் பெருகி, ஒட்டுமொத்தமாகத் தூக்கித் தூக்கிப் போட்டால், சமன் செய்த வேலையையே முதலில் ஐயுற வேண்டும்.

அந்த எஞ்சினைப் பிளைவீலோடும் கிளட்சோடும் சேர்த்து மறுபடி சமன் செய்தபோது, அந்த முனையில் எஞ்சியது 60 கிராம்-மில்லிமீட்டர். என் மருமகன் அந்த அளவுச் சீட்டை என் பட்டறைச் சுவரில் ஒட்டிவிட்டுச் சென்றான். அதன்பின் எஞ்சினைப் பார்த்துச் சொல்லுமாறு யார் கேட்டாலும், சீட்டு எங்கே என்றுதான் முதலில் கேட்கிறேன். நாணயத்தை நிறுத்தும் வழக்கத்தையும் நான் விட்டுவிடவில்லை. எங்கள் ஊர்ப் பம்பு செட்டுகளுக்கு அது இன்றும் போதுமானது. எந்த வேகத்திற்கு எந்தச் சோதனை என்று அறிந்து செய்வதே தொழிலறிவு.