பந்து கையில், பிழை காலில்

ஆரணியில் எங்கள் பள்ளி மாணவர்களில் பலர் பட்டு நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகள். காலையில் தெருவில் பாவு நீட்டியிருப்பார்கள். அதை எடுத்த பிறகுதான் அந்தத் தெரு பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் மைதானம். இடம் குறைவு என்பதால் மூன்று எட்டு வைத்துப் பந்து வீசிப் பழகியவர்கள் அவர்கள். பள்ளி மைதானத்துக்கு வந்ததும் தொலைக்காட்சியில் பார்த்ததுபோல இருபது எட்டு ஓடி வருவார்கள். ஒரு பந்து வைடு, அடுத்தது நோபால், அதற்கும் அடுத்தது மட்டையாளரின் தலைக்கு மேல் போகும். "கையை நேரா வைடா" என்று ஒருவன் கத்துவான். "மாங்கா போடுறான் சார்" என்று இன்னொருவன் புகார் சொல்வான்.

பந்து கையிலிருந்து போவதால் நாமும் கையையே திருத்தப் பார்க்கிறோம். உடற்கல்வி ஆசிரியராக நான் கண்டவரை, முதலில் பார்க்க வேண்டியது கால். கால் ஊன்றும் நேரமும் கை சுழலும் நேரமும் பொருந்தினால் பாதிப் பிழைகள் தாமாகவே மறைந்துவிடும்.

தறி சொல்லும் பாடம்

இதை விளக்க என் மாணவர்களுக்குத் தறியே போதும். மிதியை மிதித்தால் பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரியும். அந்த இடைவெளியில் நாடா ஓடும். அதன் பிறகே ஊடை இழையை அடித்து நெருக்குவார்கள். "கால் மிதிக்கிறதுக்கு முன்னாடியே உங்க அப்பா நாடாவை விடுவாரா?" என்று கேட்டால், "இழை அறுந்துடும் சார்" என்று வகுப்பே பதில் சொல்லும். பந்துவீச்சிலும் அதே ஒழுங்குதான். கால் வழிவிட்ட பிறகே கை வர வேண்டும்.

நான்கு கட்டங்கள்

வலக்கைப் பந்துவீச்சாளரை எடுத்துக்கொள்வோம். இடக்கை வீச்சாளருக்கு அப்படியே மாற்றிக்கொள்ளலாம்.

1. ஓட்டம்: மெதுவாகத் தொடங்கிச் சீராக வேகம் கூட வேண்டும். கடைசி எட்டுகளைக் குறுக்கியோ நீட்டியோ கோட்டைப் பிடிக்கப் பார்த்தால் தாளம் கெடும்.

2. தாவல்: இடக்காலால் உந்தித் தாவுகிறார். பந்து மார்பருகே இருக்கிறது. இடக்கை மேலே எழுகிறது.

3. பின்கால் ஊன்றல்: வலக்கால் தரையைத் தொடும்போது இடக்கை நன்றாக உயர்ந்திருக்க வேண்டும். பந்து உள்ள கை கீழிறங்கிப் பின்னால் செல்லத் தொடங்கும்.

4. முன்கால் ஊன்றலும் வீச்சும்: இடக்கால் உறுதியாக ஊன்றுகிறது. இடக்கை கீழிறங்க, வலக்கை பின்னாலிருந்து மேலெழுந்து காதை ஒட்டி வருகிறது. முன்கால் ஊன்றியபின் பந்து விடுபட ஏறக்குறைய நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே ஆகும்.

ஓடும் பேருந்து சட்டென நின்றால் நம் உடல் முன்னால் பாய்கிறதல்லவா? முன்கால் போடும் பிரேக்கும் அப்படித்தான். ஓட்டத்தின் வேகம் இடுப்பு, தோள், கை வழியாகப் பந்துக்குச் சேர்கிறது. கால் ஊன்றும் முன்பே கை மேலே வந்துவிட்டால் அந்த வேகம் பந்துக்குக் கிடைக்காது. தோள் மட்டும் தனியாக உழைக்கும். கை மிகவும் தாமதித்தால் உடல் ஒருபக்கம் சாயும், பந்து திசை மாறும். நிலைமம் பற்றிய அறிவியல் பாடத்துக்கு இதைவிட நல்ல செய்முறை இல்லை.

முதுகும் மனமும்

இது வெறும் விக்கெட் கணக்கு அன்று. பின்கால் ஊன்றும்போது இடுப்பு ஒரு பக்கமும் தோள் வேறு பக்கமும் நோக்கியிருந்தால், பந்தை விடுவதற்குள் முதுகுத்தண்டு முறுக்கப்படுகிறது. வளரும் வயதில் இது பல நூறு முறை நடந்தால் கீழ்முதுகு எலும்பில் விரிசல் விழலாம். ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லிக்கு 1973இல் முதுகெலும்பில் அப்படி விரிசல் ஏற்பட்டது. நீண்ட பயிற்சிக்குப் பின் வீச்சுமுறையைத் திருத்திக்கொண்டு மீண்டும் ஆடினார். 1987இல் சென்னையில் தொடங்கிய எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி மையத்தில் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவரே.

இன்னொன்று பிள்ளையின் மனம். 'எறிகிறான்' என்ற முத்திரை விழுந்தால் பல பிள்ளைகள் பந்தையே தொடுவதில்லை. முழங்கை மடங்கியிருப்பது மட்டும் விதிமீறல் ஆகாது. கை தோள் உயரத்துக்கு வந்தது முதல் பந்து விடுபடும் வரை முழங்கை எவ்வளவு நிமிர்கிறது என்பதே கணக்கு. பன்னாட்டு ஆட்டங்களில் 15 பாகை வரை அனுமதி உண்டு. அதை வெறுங்கண்ணால் அளக்க முடியாது. கால் தடுமாறியதால் இழந்த நேரத்தை ஈடுகட்டவே முழங்கையை உதறும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியைத் தோழிகள் இதற்காகவே பந்துவீச்சிலிருந்து ஒதுக்கியிருந்தார்கள். அவளது ஓட்டத்தை ஏழு எட்டாகக் குறைத்தோம். சில வாரங்களில் அந்த உதறல் வெகுவாகக் குறைந்தது. இப்போது ஆட்டத்தின் முதல் ஓவர் அவளுடையது.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த தங்கராசு நடராஜனை நம் பிள்ளைகள் அறிவார்கள். 2015இல் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானபோது அவரது வீச்சுமுறை குறித்தும் சந்தேகம் எழுந்தது. அதைத் திருத்திக்கொண்டு திரும்பி வந்தார். 2020 டிசம்பர் 2 அன்று கான்பெராவில் இந்தியாவுக்காக முதல் ஒருநாள் போட்டி ஆடினார். அடுத்த மாதமே பிரிஸ்பேனில் டெஸ்ட் போட்டியிலும் களமிறங்கினார். திருத்தக்கூடியதை முடிவான குறை என்று நாம் தீர்ப்பளித்துவிடக் கூடாது.

வகுப்பில் செய்யக்கூடியவை

- ஓட்டத்தை அளத்தல்: கோட்டில் தொடங்கி, ஆடுகளத்துக்கு எதிர்த்திசையில் ஓடி இயல்பாக வீசச் சொல்லுங்கள். முன்கால் விழும் இடத்தை இன்னொரு மாணவர் குறிக்கட்டும். ஆறு முறை அளந்து சராசரி கண்டால் அதுவே அவரது ஓட்டத் தூரம். கணக்குப் பாடமும் கூடவே நடந்துவிடும்.

- பந்தில்லாப் பயிற்சி: நின்ற இடத்திலிருந்தே "பின்கால், முன்கால், கை" என்று வாய்விட்டுச் சொல்லிச் செய்யட்டும். பிறகு மூன்று எட்டு, அதன்பின் ஏழு. தாளம் பிடிபட்ட பிறகு பந்தைக் கொடுக்கலாம்.

- காலைப் பார்த்தல்: பக்கவாட்டில் நின்று கவனியுங்கள். முன்காலின் ஒரு பகுதியாவது கோட்டுக்குப் பின்னால் இருக்கிறதா, அப்போது கை எங்கே இருக்கிறது என்ற இரண்டு கேள்விகள் போதும்.

- அளவு: நன்றாக வீசும் பிள்ளையிடமே தொடர்ந்து பந்தைக் கொடுக்கும் வழக்கம் வேண்டாம். 13 வயது வரையுள்ள வேகப்பந்து வீச்சாளர்கள் தொடர்ச்சியாக 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர் என்பது இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் பல ஆண்டுகள் கடைப்பிடித்த வரம்பு. முதுகு வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்றே வீச்சை நிறுத்தி, மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இதற்கென்று கிரிக்கெட் கற்பிக்க வேண்டியதில்லை. பாண்டியும் நொண்டியும் ஆடவிடுங்கள். தாவி ஒற்றைக்காலில் தடுமாறாமல் ஊன்றத் தெரிந்த பிள்ளை மேல்வகுப்புக்கு வரும்போது, பந்துவீச்சின் கடினமான பகுதியை ஏற்கெனவே கற்றிருக்கும்.