கைப்பேசி எண் வைஃபை கடவுச்சொல்லாக ஏன் போதாது?

கிணத்துக்கடவில் ஒரு வீட்டின் வைஃபைக்கு வீட்டுக்காரரின் கைப்பேசி எண்ணே கடவுச்சொல்லாக இருக்குமானால், அது பத்து இலக்கம் கொண்டதாயினும் வலுவற்றதே. இந்தியக் கைப்பேசி எண்கள் 6 முதல் 9 வரையுள்ள இலக்கங்களில் மட்டுமே தொடங்குவதால், மொத்த வாய்ப்புகள் 400 கோடிக்குள் அடங்கிவிடுகின்றன. டபிள்யூபிஏ2 என்னும் பாதுகாப்பு முறையில் கைப்பேசியும் ரௌட்டரும் இணையும்போது பரிமாறும் நான்கு செய்திகளைத் தெருவிலிருந்தே பதிவுசெய்துகொள்பவர், பின்னர் தம் கணினியில் ஒவ்வோர் எண்ணாகப் பொருத்திப் பார்க்கலாம். ஒவ்வோர் ஊகத்தையும் வைஃபையின் பெயரோடு சேர்த்து 4,096 முறை கணக்கிடவேண்டும் என்னும் விதி இதைத் தாமதப்படுத்தினாலும், திறன்மிக்க வரைகலைச் செயலி சில மணி நேரத்தில் முடித்துவிடும். தொடர்பற்ற ஐந்தாறு சொற்களைக் கோத்தமைத்த கடவுச்சொல்லோ இம்முயற்சிக்கு எளிதில் அகப்படாது. ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறக்கும் நிர்வாகக் கடவுச்சொல் வேறு; தொழிற்சாலையில் இட்ட சொல்லே நீடித்த கருவிகளைத்தான் 2016இல் மிராய் என்னும் தீநிரல் பெருமளவில் கைப்பற்றியது என்பதால், அதையும் உடனே மாற்றுவது இன்றியமையாதது.