அப்பாவின் சேமிப்பும் மகளின் கல்லூரிப் படிப்பும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த வாரத்தில் நம் வீடுகள் பலவற்றில் எழும் கேள்வி ஒன்றுதான். மதிப்பெண் வந்துவிட்டது, கல்லூரியில் இடமும் கிடைத்துவிடும். பணத்துக்கு எங்கே போவது? அம்மாவின் வளையலை அடகு வைப்பதா, தெரிந்தவரிடம் வட்டிக்கு வாங்குவதா, அப்பாவின் பி.எப். பணத்தை எடுப்பதா? இந்த மூன்றாவது வழியைப் பற்றிப் பெற்றோர் மட்டுமல்ல, மாணவியரும் அறிந்திருக்க வேண்டும் என்று எண்ணியே இதை எழுதுகிறோம். யாருடைய பணத்தில், எந்தக் காலத்துக்கென்று வைத்த பணத்தில் படிக்கப்போகிறோம் என்று தெரிந்து படிப்பது நல்லதல்லவா?

பி.எப். என்று நாம் சுருக்கிச் சொல்வது தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி. 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது. ஆலையிலோ அலுவலகத்திலோ வேலை பார்ப்பவரின் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பொதுவாக 12 சதவீதம் மாதந்தோறும் பிடிக்கப்படுகிறது. முதலாளியும் அதே அளவு கட்டுகிறார். ஆனால் அவர் கட்டுவதில் ஒரு பெரும்பங்கு ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும், மீதிதான் நிதியில் சேரும். 2024-25-ஆம் ஆண்டுக்கு வட்டி 8.25 சதவீதம். 1990-களில் 12 சதவீதம் கிடைத்தது. அந்நாளில் சேமித்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்!

இந்த நிதியிலிருந்து பிள்ளைகளின் மேற்படிப்புக்குப் பணம் எடுக்க நெடுங்காலமாகவே வழி இருந்து வந்திருக்கிறது. 7 ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவர், தம் பங்கிலும் அதன் வட்டியிலும் பாதி வரை பெறலாம் என்பது விதி. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அதில் ஒரு வேடிக்கை உண்டு. திருமணத்துக்கும் படிப்புக்கும் சேர்த்து மொத்தம் மூன்று முறைதான் எடுக்கலாம். மூத்தவளின் கலியாணத்துக்கு ஒரு முறை, அடுத்தவளுக்கு ஒரு முறை என்று போனால், கடைக்குட்டியின் மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு ஒரே ஒரு முறைதான் மிஞ்சும். கலியாணமும் கல்லூரியும் ஒரே கணக்கில் போட்டியிட்டால், நம் ஊரில் எது வெல்லும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2025 அக்டோபர் 13-ஆம் தேதி கூடிய மத்திய அறங்காவலர் வாரியம் இதை மாற்ற முடிவு செய்தது. படிப்புக்கு 10 முறை, திருமணத்துக்கு 5 முறை எனக் கணக்கு தனித்தனியாகிறது. 7 ஆண்டு என்பது 12 மாதமாகக் குறைகிறது. முதலாளி பங்கிலிருந்தும் எடுக்கலாம். ஆனால் 25 சதவீதம் எப்போதும் கணக்கில் நிற்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளில் எந்த விதி நடப்பில் உள்ளது என்பதை மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி போன்ற ஊர்களிலுள்ள வைப்பு நிதி அலுவலகங்களில் கேட்டுக்கொள்வது நலம்.

எடுப்பது எளிதாகிறது என்பதாலேயே நாம் சற்று நின்று கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. கோபுரம் கட்டப் புறப்பட்டவன் செலவைக் கணக்கிட வேண்டிய நற்செய்திக் கதை நம் மாணவியருக்குப் பாடமாயிற்றே! 45 வயதில் ஒரு தந்தை 2 லட்சம் ரூபாய் எடுக்கிறார் என்று கொள்வோம். எடுக்காமல் விட்டிருந்தால், 8.25 சதவீத வட்டியே நீடிக்கும் பட்சத்தில், 58 வயதில் அது ஏறத்தாழ 5 லட்சத்து 60 ஆயிரம் ஆகியிருக்கும். ஆகவே அந்தப் படிப்பின் விலை 2 லட்சம் அல்ல. கல்லூரி ரசீதில் இந்தத் தொகை அச்சாவதில்லை, அவ்வளவுதான்.

“அதுதான் பென்ஷன் வருமே” என்று சிலர் சொல்லக்கூடும். அந்தப் பென்ஷன் எவ்வளவு? 2014 முதல் இதற்குக் கணக்கில் கொண்ட சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 30 ஆண்டு என்று வைத்துக்கொண்டால் மாதம் 6,428 ரூபாய் வருகிறது. இருவர் சாப்பிட்டு, மருந்து வாங்கி, மின்கட்டணமும் கட்ட வேண்டும். எனவே முதுமைக்கு உண்மையான ஊன்றுகோல் அந்த மொத்தத் தொகைதான்.

அப்படியானால் தொடவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டோம். நூற்றுக்கு மாதம் மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். அந்தக் கடனோடு ஒப்பிட்டால் பி.எப். பணத்தை எடுப்பது எத்தனையோ மேல். வங்கிக் கல்விக்கடனோடு ஒப்பிடும்போதுதான் யோசனை வேண்டும். வங்கி வட்டி பெரும்பாலும் பி.எப். வட்டியைவிடக் கூடுதலே. ஆனாலும் வங்கிகளின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத்தான் தவணை தொடங்கும். அந்தத் தவணையைச் சம்பாதிக்கும் வயதிலுள்ள மகள் கட்டுகிறாள். பி.எப். எடுத்தாலோ, சம்பாதிக்க முடியாத வயதில் பெற்றோர் கட்டுகிறார்கள். படிப்புக்குக் கடன் தர வங்கி உண்டு. கிழப்பருவத்துக்குக் கடன் தர எவரும் இல்லை. ஆகவே பெரும்பகுதியைக் கல்விக்கடனில் வைத்து, சேர்க்கையின்போது உடனே கட்ட வேண்டிய தொகைக்கு மட்டும் பி.எப்.பை நாடுவதே நம் யோசனை. வேலை கிடைக்கத் தாமதமானால் கடன் கழுத்தை நெரிக்கும் என்பதும் மெய்தான். அதனால்தான் எல்லாவற்றையும் கடனிலேயே போடுங்கள் என்று நாம் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் முன்பாக, இலவசமாக வருவதை விடக்கூடாது. 2022-இல் தமிழக அரசு தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், கல்லூரியில் படிக்கும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தருவது. முதலில் அரசுப் பள்ளி மாணவியருக்கே இருந்த இத்திட்டம், 2024 டிசம்பரில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றோருக்கும் விரிவாக்கப்பட்டது. நம் போன்ற பள்ளிகளின் பிள்ளைகள் பலர் இதற்கு உரியவர்களே.

பி.எப். இல்லாத வீடுகள்? கடை வைத்திருப்போர், தையல் வேலை செய்யும் தாய்மார், ஆட்டோ ஓட்டுவோர் ஆகியோருக்கு 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த பொது வருங்கால வைப்பு நிதி, அதாவது பி.பி.எப்., இருக்கிறது. அஞ்சலகத்தில் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய் போட வேண்டும். முதிர்வு 15 ஆண்டு. 2020 ஏப்ரலில் வட்டி 7.1 சதவீதமாக்கப்பட்டது. அந்த வட்டியில் ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 12,000 ரூபாய் போட்டால், 15 ஆண்டில் போட்டது 1,80,000. கிடைப்பது ஏறத்தாழ 3,25,000. மாதந்தோறும் போடுபவர்கள் 5-ஆம் தேதிக்குள் போட்டுவிட வேண்டும். தவறினால் அந்த மாத வட்டி அத்தொகைக்குக் கிடையாது. கணக்குத் தொடங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்தாண்டு கழிந்தபின், ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பகுதியை எடுக்கலாம். மகள் ஒன்றாம் வகுப்பில் சேரும்போது தாய் தன் பெயரில் தொடங்கினால், அவள் கல்லூரிக்குப் போகும் ஆண்டுகளில் கணக்கு நன்கு பழுத்திருக்கும். மகளுக்கு உதவித்தொகை கிடைத்துவிட்டால் தாய் அதை ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டித்துத் தன் முதுமைக்கே வைத்துக்கொள்ளலாம். பணம் தாயின் பெயரில் இருப்பதில் உள்ள பலத்தையும் நம் மாணவியர் கவனிக்கட்டும்.

இன்னொன்று: பெயர். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வேலையில் சேர்ந்தபோது எழுதிய பெயர் ஒன்று, ஆதாரில் தகப்பன் பெயரும் சேர்ந்து மூன்றாவது ஒன்று என்று இருப்போர் நம் குடும்பங்களில் அநேகர். பி.எப். கணக்கிலும் ஆதாரிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்திராவிட்டால் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். அதைத் திருத்த மகள் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே மனுக் கொடுத்துவிடலாம். கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் குறித்த ஜூன் மாதத்தில் அதற்கு நேரம் இராது.