வற்றிய கிணற்றில் வற்றாத எண்ணெய்

சரவாக், மீரி நகரின் கனடா குன்றில் 1910ஆம் ஆண்டு தோண்டப்பட்டது இந்நாட்டின் முதல் எண்ணெய்க் கிணறு. 'மூதாட்டி' என்று செல்லமாக அழைக்கப்படும் அக்கிணறு 1972இல் மூடப்பட்டது. அடியில் இருந்த எண்ணெய் முழுவதும் தீர்ந்துபோனதால்தான் ஒரு கிணறு மூடப்படுகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மை வேறு. உலக எண்ணெய் வயல்களில், இருக்கும் எண்ணெயில் சராசரியாக மூன்றில் ஒரு பங்குதான் மேலே வருகிறது. மீதி பாறையிலேயே தங்கிவிடுகிறது.

எண்ணெய் பூமிக்கடியில் குளம்போலத் தேங்கிக் கிடப்பதில்லை. மணற்பாறையின் மணிகளுக்கு இடையிலுள்ள நுண்துளைகளில் ஊறிக் கிடக்கிறது. ஒரு துளையையும் அடுத்த துளையையும் இணைக்கும் கழுத்து, தலைமயிரை விடவும் மெல்லியது. அகல் விளக்கில் எண்ணெய் தீர்ந்தபின் திரியைத் தொட்டுப் பாருங்கள். விரலில் பிசுபிசுக்கும், ஆனால் எவ்வளவு உதறினாலும் ஒரு சொட்டு விழாது. பாறையும் அப்படியொரு திரிதான்.

தொடக்கத்தில் நிலத்தடி அழுத்தமே எண்ணெயை மேலே தள்ளும். அது குறைந்ததும் வேறு கிணறுகள் வழியாக நீரைச் செலுத்துவார்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பல மணற்பாறைகளில் மணிகள் எண்ணெயைவிட நீரையே விரும்பி ஒட்டிக்கொள்ளும். நீர் மணிகளின் ஓரமாகவே ஊர்ந்து வந்து, குறுகிய கழுத்தில் சேர்ந்து பருத்து, அங்கு ஓடிக்கொண்டிருந்த எண்ணெய் இழையைத் துண்டித்துவிடும். துண்டான எண்ணெய் உருண்டையாகத் துளைக்குள் சிறைப்படும். வெளியேற வேண்டுமானால் அது தன் உருவத்தை நெளித்துக் கழுத்தில் நுழைய வேண்டும். எண்ணெயும் நீரும் சந்திக்கும் பரப்பின் இழுவிசை அதற்கு இடம் கொடுக்காது. பின்னால் வரும் நீரோ பக்கத்து வழியாகச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

நீரை இன்னும் வேகமாகச் செலுத்தலாமே என்று கேட்கலாம். ஆயிரம் மடங்கு வேகம் வேண்டியிருக்கும். அதற்கு முன்பே பாறை பிளந்துவிடும்!

ஆகவே தள்ளும் விசையைக் கூட்டாமல், பிடித்திருக்கும் விசையைக் குறைக்கப் பார்க்கிறார்கள். கறிச் சட்டியை வெறும் தண்ணீரில் கழுவினால் எண்ணெய்ப் பசை போவதில்லை. சவர்க்காரம் போட்டால் போகிறது. அதே முறையில் சவர்க்காரம் போன்ற வேதிப்பொருளை நீரில் கலந்து செலுத்தினால், பரப்பு இழுவிசை ஆயிரத்தில் ஒரு பங்காகவும் அதற்குக் கீழேயும் இறங்கும். உருண்டை நீண்டு நழுவிவிடும். ஆய்வுக்கூடத்தில் இது அழகாக நடக்கிறது. நிலத்தடியில் உப்பும் வெப்பமும் அப்பொருளைக் கெடுக்கின்றன. பாறையே ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. செலவும் ஏறுகிறது.

திரெங்கானு கடலோரத்திலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தாப்பிஸ் வயலில் வேறு வழி கையாளப்பட்டது. 'தாப்பிஸ்' என்றால் மலாயில் வடிகட்டு என்று பொருள். பெயர் பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது. 1978இல் உற்பத்தி தொடங்கிய அந்த வயலில், எக்சான்மொபிலும் பெட்ரோனாசும் 2014இல் நீரையும் எரிவாயுவையும் மாற்றி மாற்றிச் செலுத்தும் திட்டத்தைத் தொடங்கின. மலேசியாவில் இவ்வகைப் பெருந்திட்டம் அதுவே முதலாவது. வாயு மட்டும் சென்றால் மேலேறி, எளிய வழியில் ஓடிவிடும். நீர் கீழே இறங்கும். இரண்டும் மாறி மாறிச் செல்லும்போது, ஒன்று தொடாத இடத்தை மற்றது தொடுகிறது.

அந்த ஆண்டின் நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே சரிந்தது. இத்தகைய திட்டங்களுக்கு அதைவிடப் பெரிய அடி வேறில்லை. விலை ஏறட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. கடல்மேடைகள் உப்புக்காற்றில் துருப்பிடித்து முதுமையடைகின்றன. கிணறுகளைச் சிமெண்டு இட்டு அடைத்து மேடையையும் கழற்றிய பின்னர், எஞ்சிய எண்ணெய்க்காகப் புதிய மேடை கட்டிப் புதிய கிணறு தோண்டினால், அந்தச் செலவை அந்த எண்ணெய் ஈடுகட்டுவது அரிது.