அறுந்த ஜவ்வு, ஒன்பது மாதம்

2022 நவம்பர் 22. கத்தார் உலகக் கோப்பையில் பிரான்சுக்கு முதல் ஆட்டம். ஆஸ்திரேலியாவின் மேத்யூ லெக்கி பந்தோடு வந்து சட்டென்று திசை மாற்றித் திரும்புகிறார். அவரை மறிக்கக் காலை ஊன்றிய பிரெஞ்சுத் தடுப்பாட்டக்காரர் லூகாஸ் எர்னாண்டஸ் அப்படியே சரிந்து விழுகிறார். யாரும் அவரை உதைக்கவில்லை. ஊன்றிய கால் நின்ற இடத்தில் நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகாத நிலையில் அவருடைய உலகக் கோப்பை முடிந்துபோனது. அவருக்குப் பதிலாக மைதானத்தில் இறங்கியவர் சொந்தத் தம்பி தியோ.

அந்த பிரான்சின் நிர்வாகம் நம் காரைக்காலில் 1954-இல் முடிவுக்கு வந்தது. ஆனாலும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இன்றும் இங்கே இருக்கின்றன. பிரான்சின் அதிபர் தேர்தலுக்கு இந்த ஊரிலேயே ஓட்டுப் போடுகிறார்கள். அந்த வீடுகளுக்கு லூகாஸ் எங்கோ இருக்கும் அந்நியர் அல்ல. ஆனால் அவருக்கு நேர்ந்தது புரிவதற்கு பிரெஞ்சுத் தொடர்பு எதுவும் தேவையில்லை. கடற்கரை மணலிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கும் வயலிலும் பந்து உதைக்கிற எந்த இளைஞனுக்கும் இதே காயம் வரும். "முட்டி ஜவ்வு கிழிஞ்சிடுச்சு" என்ற பேச்சைக் கேட்காத கால்பந்துக் குழுவே இருக்காது.

முட்டிக்குள் தொடை எலும்பையும் கெண்டைக்கால் எலும்பையும் பிடித்து வைப்பவை நான்கு முக்கிய ஜவ்வுகள். பக்கவாட்டில் இரண்டு, நடுவே ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும் இரண்டு. குறுக்கே போவதில் முன்னால் இருப்பதைத்தான் மருத்துவர்கள் ஏ.சி.எல். என்கிறார்கள். மூன்று, மூன்றரை சென்டிமீட்டர் நீளம், சுண்டுவிரல் தடிமன். கெண்டைக்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் தாறுமாறாகச் சுழலாமலும் காப்பது அதன் வேலை. நேராக ஓடும்போது அதற்குப் பெரிய சுமை இல்லை. வேகத்தைச் சட்டென்று குறைக்கும்போதும், எதிராளியை ஏமாற்றித் திரும்பும்போதும், தலையால் முட்டிவிட்டு ஒற்றைக்காலில் இறங்கும்போதும்தான் அது இழுபடுகிறது. ஏ.சி.எல். கிழிசல்களில் பெரும்பாலானவை எதிராளி முட்டியில் மோதாமலேயே நடப்பவை.

கிழியும் நொடியில் 'பட்' என்று ஒரு சத்தம் கேட்டதாகப் பலர் சொல்வார்கள். ஓரிரு மணி நேரத்தில் முட்டி பந்துபோல வீங்கும். உள்ளே ரத்தம் கட்டுவதால் வரும் வீக்கம் அது. ஏமாற்றம் இதற்குப் பிறகுதான் இருக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்துவிடும், வலி அடங்கும், நேராக நடக்கவும் முடியும். எண்ணெய் போட்டு நீவி, கட்டுக் கட்டி, "சரியாயிடுச்சு" என்று மறுபடி கிரவுண்டில் இறங்கிவிடுவார்கள். முதல் திருப்பத்திலேயே முட்டி நழுவும். அப்படி ஒவ்வொரு முறை நழுவும்போதும், எலும்புகளுக்கு நடுவே மெத்தையாக இருக்கும் குருத்தெலும்புத் தட்டு கிழிபட வாய்ப்பு உண்டு. ஜவ்வுக்காவது மாற்று வைக்கலாம். அந்தத் தட்டு வீணானால் நாற்பது வயதிலேயே மூட்டுத் தேய்மானத்தோடு மாடிப்படி ஏற வேண்டியிருக்கும். இருபது வயது ஆட்டக்காரனிடம் யாரும் எடுத்துச் சொல்லாத விஷயம் இது.

காயத்தைக் கண்டுபிடிக்க முதலில் வேண்டியது பழகிய கை. முட்டியைக் கொஞ்சம் மடக்கி வைத்து, தொடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கெண்டைக்காலை மறு கையால் முன்னுக்கு இழுத்துப் பார்ப்பார் எலும்பு மருத்துவர். ஜவ்வு இருந்தால் ஓர் இடத்தில் பிடித்து நிற்கும். அறுந்திருந்தால் வழுக்கிக்கொண்டு வரும். மற்ற பாகங்களின் சேதத்தையும் பார்த்து உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. ஸ்கேன்.

கிழிந்தவர்கள் எல்லோருக்கும் உடனே கத்தி வைக்க வேண்டுமா? ஸ்வீடனில் 121 இளைஞர்களை இரு பிரிவாகப் பிரித்து நடத்திய ஆய்வு ஒன்று 2010-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு உடனே அறுவை சிகிச்சை. மற்றவர்களுக்கு முதலில் பயிற்சி. முட்டி நிலைக்காவிட்டால் மட்டும் பிறகு அறுவை. இரண்டாம் பிரிவில் ஏறத்தாழ பாதிப் பேர் ஐந்து ஆண்டுகள் வரை அறுவை இல்லாமலே சமாளித்தார்கள். இரு பிரிவினரின் முட்டி நிலையிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நடப்பது, சைக்கிள் மிதிப்பது, நேராக ஓடுவது போதும் என்பவருக்கு இது நல்ல செய்தி. ஆனால் வெட்டித் திரும்பி ஆடும் கால்பந்துக்குத் திரும்ப நினைப்பவர்களுக்குப் பொதுவாக அறுவைதான் பரிந்துரைக்கப்படுகிறது.

அறுந்த முனைகளைச் சேர்த்துத் தைக்கும் முயற்சி பழையது. 1895-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்ற மருத்துவர் ஒரு சுரங்கத் தொழிலாளியின் முட்டியைத் தைத்தார். இன்று பெரும்பாலும் தைப்பதில்லை. பின்தொடையிலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ நோயாளியின் சொந்தத் தசைநார் ஒன்றை எடுத்து, இரண்டு எலும்புகளிலும் துளையிட்டு, பழைய ஜவ்வின் இடத்தில் பொருத்துகிறார்கள். சிறு துளை வழியாகக் கேமராவை விட்டுச் செய்யும் இந்த வேலை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். இந்த அறுவையை நன்றாகச் செய்யும் மருத்துவர்கள் தமிழகத்திலும் புதுச்சேரியிலும் இருக்கிறார்கள். அதன்பின் வரும் மாதங்களைத்தான் நாம் போதிய அளவு மதிப்பதில்லை.

பொருத்திய நார் உடனே ஜவ்வாகிவிடாது. காவிரி டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம்: நாற்றைப் பிடுங்கி நட்டால் முதலில் வாடும், பச்சை பிடித்த பிறகுதான் நிமிரும். புதிய நாரும் ரத்த ஓட்டம் அற்று முதலில் தளர்கிறது. பிறகு மெல்ல ரத்தக் குழாய்கள் வளர்ந்து உயிர் பிடிக்கிறது. இரண்டாவது, மூன்றாவது மாதத்தில்தான் அது மிகவும் பலவீனமாக இருக்கிறது. அதே மாதங்களில்தான் வலி போய், நடை சரியாகி, ஆட்டக்காரனுக்குக் கால் துறுதுறுக்கிறது. மறுபடி அறுத்துக்கொள்ளும் ஆபத்து அந்த இடைவெளியில் இருக்கிறது.

முதல் வாரத்தின் பயிற்சியைப் பார்த்தால் இதற்காகவா இவ்வளவு என்று தோன்றும். படுத்துக்கொண்டு, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். முன்தொடை இறுகி முட்டிச் சில்லு மேலே நகர வேண்டும். ஐந்து எண்ணும் வரை பிடித்து, விட வேண்டும். நேற்று வரை முப்பது கஜத்திலிருந்து கோல் அடித்தவனுக்கு அந்தத் தசை கூப்பிட்டால் வராது. கால் தன்னுடையதே இல்லை என்பதுபோல் கிடக்கும். முட்டி முழுசாக நீள வேண்டும் என்பது அடுத்த கட்டளை. அந்தக் கடைசிக் கோணம் திரும்பாவிட்டால் நொண்டல் நிலைத்துவிடும். பிறகு நிலை சைக்கிள், அரை உட்காரல், ஒற்றைக்கால் நிற்றல். மூன்று நான்கு மாதத்தில் மெதுவான ஓட்டம். அதன்பிறகே குதித்தல், திரும்புதல். கடைசியில் பந்து, அப்புறம்தான் எதிராளி. தொடைச் சுற்றளவை டேப் வைத்து அளந்தால், காயப்பட்ட கால் பல மாதங்களுக்குச் சூம்பியே இருப்பது தெரியும்.

எப்போது ஆடலாம்? நார்வேயில் நூற்றுக்கும் சற்று அதிகமானவர்களைப் பின்தொடர்ந்து 2016-இல் வெளியான ஆய்வு இதற்குத் தெளிவான விடை தந்தது. ஒன்பது மாதம் வரை, ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி காயமாகும் விகிதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஆட்டத்துக்குத் திரும்புமுன் தசை வலு, குதித்தல் சோதனைகளில் தேறியவர்களில் 5.6 சதவீதம் பேருக்கே மீண்டும் காயம். தேறாமல் இறங்கியவர்களில் 38.2 சதவீதம். சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். தரையில் டேப்பை விரித்து, நல்ல காலால் ஒரு நொண்டித் தாவல் தாவ வேண்டும். பிறகு காயப்பட்ட காலால். நல்ல கால் 150 சென்டிமீட்டர் தாண்டினால் மற்றது குறைந்தது 135 தாண்ட வேண்டும், தள்ளாடாமல் இறங்கவும் வேண்டும். காலண்டரில் ஒன்பது மாதம் கிழிந்துவிட்டது என்பது மட்டும் அனுமதிச் சீட்டு ஆகாது.

காத்திருக்கத் தெரிந்தவர் வர்ஜில் வான் டைக். 2020 அக்டோபரில் லிவர்பூலுக்கு ஆடும்போது முட்டி ஜவ்வு கிழிந்தது. அடுத்த கோடையில் யூரோ கோப்பை. நெதர்லாந்தின் கேப்டன் அவர். இருந்தும் மறுவாழ்வுப் பயிற்சியைக் குலைக்க விரும்பாமல் விலகி நின்றார். ஜூலை இறுதியில் மைதானம் திரும்பியவர், பின்னர் பல ஆண்டுகள் உலகின் முதல்தரத் தடுப்பாட்டக்காரராகவே நீடித்தார். ஆனால் எல்லாக் கதையும் அப்படி முடிவதில்லை. லூகாஸ் எர்னாண்டஸ் பாரிஸ் அணிக்குப் போய் ஆடிக்கொண்டிருந்தபோது, 2024 மே 1 அன்று டார்ட்மண்டில் இடது முட்டியின் ஜவ்வு அறுந்தது. முதலில் போனது வலது. ஒரு முட்டி கிழிந்தவருக்கு மறு முட்டியும் கிழியும் அபாயம் கூடுதல் என்பது மருத்துவ உலகம் அறிந்த உண்மை. ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளைப் பதினைந்து ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வில், காயப்பட்டவர்கள் அநேகமாக எல்லோரும் ஓராண்டுக்குள் ஆட்டத்துக்குத் திரும்பியிருந்தார்கள். மூன்று ஆண்டு கழித்து அதே உயர்மட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் 65 சதவீதம் மட்டுமே. இத்தனைக்கும் உலகின் சிறந்த மருத்துவமும் பயிற்சியும் கிடைத்தவர்கள் அவர்கள்.

நம் பக்கக் கதைக்குக் கன்னியாகுமரிக் கடற்கரைக்குப் போக வேண்டும். இரவிபுத்தன்துறை மீனவ கிராமத்தில் பிறந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி அணியில் பளிச்சிட்டு, ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா என்று ஏறி, 2019-இல் இந்தியச் சட்டை அணிந்தவர். 2020 நவம்பர் 20, கோவாவின் பாம்போலிமில் ஐ.எஸ்.எல். கால்பந்துத் தொடரின் தொடக்க ஆட்டம். கொரோனா காலம், கேலரி காலி. கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக ஏ.டி.கே. மோகன் பாகான் சார்பில் இறங்கிய சூசைராஜ் முதல் பாதியின் தொடக்கத்திலேயே முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஏ.சி.எல். போனது, சீசனும் போனது.

அதே ஆட்டத்தில் அதே அணியின் தடுப்பில் நின்றவர் சந்தேஷ் ஜிங்கன். 2019 அக்டோபரில் குவாஹாட்டியில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் ஜவ்வு கிழிந்து, முந்தைய சீசன் முழுவதையும் இழந்தவர். ஓராண்டுக்கும் மேல் காத்திருந்து திரும்பிய ஜிங்கன், அந்த சீசனின் முடிவில் இந்தியாவின் சிறந்த கால்பந்து வீரர் விருதை வாங்கினார். ஒருவர் மீண்டு வந்த நாளிலேயே மற்றவர் விழுந்தார். சூசைராஜ் 2022-இல் ஒடிஷா அணிக்கு மாறினார். இருபத்தாறு வயதில், கால் உச்சத்தில் இருந்த நேரத்தில் அவர் இழந்த மாதங்களை எந்த அறுவையும் திருப்பித் தராது.

பெண்களுக்கு இந்தக் காயம் இன்னும் எளிதாக வருகிறது. ஆண்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்று பல ஆய்வுகள் கணக்கிடுகின்றன. இடுப்பு அமைப்பு, குதித்து இறங்கும் விதம், ஹார்மோன் என்று காரணங்கள் ஆராயப்படுகின்றன. பெண்களுக்கு மோசமான மைதானத்தையும், ஆண்களின் காலுக்கு அளவெடுத்த பூட்ஸையும், பிசியோதெரபிஸ்ட் இல்லாத அணியையும் கொடுப்பதும் காரணங்களில் சேர்த்தி. ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணிக்கு ஆடிய இந்தியாவின் பாலா தேவி, ஏ.சி.எல். காயத்தால் 2022-இல் சொந்த மண்ணில் நடந்த ஆசியக் கோப்பையைத் தவறவிட்டார். ஸ்பெயினின் அலெக்சியா புட்டெயாஸ் 2022 ஜூலையில் விழுந்து, ஒன்பது மாதம் கடந்து திரும்பி, 2023-இல் உலகக் கோப்பையைத் தூக்கினார். 2023-இல் தமிழகப் பெண்கள் தேசிய சாம்பியன் ஆனவர்கள். காரைக்காலுக்கு வடக்கே கடலூர் மாவட்டம் தேசிய அணிக்கே ஆட்களை அனுப்புகிறது. அந்தப் பிள்ளைகளின் முட்டிக்கு யார் பொறுப்பு என்று சங்கங்களைக் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

காரைக்காலில் அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது, ஜிப்மரின் கிளைக் கல்லூரி இருக்கிறது. தலைமை ஜிப்மர் புதுச்சேரியில், 130 கிலோமீட்டருக்கு மேல். அறுவைக்கு ஒருமுறை போய்வரலாம். வாரம் இரண்டு மூன்று முறை பிசியோதெரபிக்கு அவ்வளவு தூரம் போக, படகுக்கோ கடைக்கோ வேலைக்குப் போகும் வீட்டுப் பையனால் முடியாது. ஆறாவது வாரத்தில் நின்றுவிடுவான். அதனால், எழுதி வாங்கிய பயிற்சிப் பட்டியல், மாதம் ஒருமுறை பரிசோதனை, உள்ளூரிலேயே ஒரு பிசியோதெரபிஸ்டின் கண்காணிப்பு என்ற ஏற்பாட்டை அறுவைக்கு நாள் குறிக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான பயிற்சிகளுக்கு ஒரு துண்டு, ஒரு படிக்கட்டு, ஒரு ரப்பர் பட்டை போதும்.

காயமே வராமல் தடுக்கவும் வழி உண்டு. ஆட்டத்துக்கு முன் செய்ய ஃபிஃபா உருவாக்கிய '11 பிளஸ்' என்ற இருபது நிமிடப் பயிற்சி இணையத்தில் இலவசம். மெதுவோட்டம், ஒற்றைக்கால் சமநிலை, பின்தொடை வலு, முட்டி உள்ளே சாயாமல் குதித்து இறங்குதல் எல்லாம் அதில் அடக்கம். வாரம் இரண்டு முறையாவது தவறாமல் செய்த அணிகளில் காயங்கள் மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறைந்ததாக ஆய்வுகள் காட்டுகின்றன. டோர்னமென்ட் நடத்தும் இளைஞர் மன்றங்கள் கோப்பைக்கும் பேனருக்கும் செலவழிக்கும் முன்பு, எல்லா அணிகளும் இந்த இருபது நிமிடத்தை முடித்த பிறகே விசில் ஊத வேண்டும் என்று ஒரு விதி போடட்டும். முட்டி வீங்கிய பையனை அடுத்த ஆட்டத்தில் இறக்கும் கேப்டன்கள், முதலில் அவனை எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போகட்டும்.