பத்தாம் நாள் காய்ச்சல்

'பெருந்தொற்றில் புற்றுநோயாளிகளின் வாழ்க்கைத் தரம்' என்ற தலைப்பைப் பேப்பரில் படித்துவிட்டு, டீக்கடை பெஞ்சில் பக்கத்திலிருந்த பெரியவர் கேட்டார்: "நோயாளிக்கு என்னங்க தரம்? கார், பங்களாவா?"

நியாயமான கேள்விதான். தமிழில் அந்தச் சொல்லோடு வசதி வாய்ப்பு ஒட்டிக்கொண்டுவிட்டது. "டீ ஆறுறதுக்குள்ள சொல்லிடுறேன் ஐயா" என்றேன். ஆறிப்போனது வேறு கதை.

மருத்துவர்கள் இதை அளப்பதற்கு ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் உருவாகி 1993இல் வெளிவந்தது, 30 கேள்விகள். கொஞ்ச தூரம் நடந்தாலே சிரமமா? வலி இருந்ததா? தூக்கம் வந்ததா? பசித்ததா? வைத்தியத்தால் பணக்கஷ்டம் வந்ததா? கட்டி சுருங்கியதை ஸ்கேன் சொல்லிவிடும். கட்டியைச் சுமக்கிற ஆள் எப்படி இருக்கிறார் என்பதற்குத்தான் இந்தத் தாள்.

இனி 2020 மார்ச் 25க்கு வாருங்கள். ஊரடங்கு. பஸ் இல்லை, ரயில் இல்லை. அந்த மார்ச் முதல் மே வரை நாட்டின் 41 புற்றுநோய் மையங்களில் புதிதாகப் பதிவு செய்தவர்கள், முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 54 சதவீதம் குறைவு. வந்த நோய் வந்துகொண்டுதான் இருந்திருக்கும். ஆள்தான் வந்து சேரவில்லை. கதிர்வீச்சு என்றால் வாரத்துக்கு ஐந்து நாள், பல வாரம் போக வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு மொத்தத்தையும் எட்டு வாரத்துக்குள் முடிப்பது நல்லது. நடுவில் இடைவெளி விழுந்தால் பலன் குறையும். வெளியூர்க்காரர் லாட்ஜும் கிடைக்காமல் எங்கே தங்குவார்?

ஆனால் எனக்கு இவற்றையெல்லாம்விடக் கொடுமையாகப் பட்டது காய்ச்சல்தான்.

கீமோ ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை ரத்தத்தில் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது கிருமி புகுந்தால் சீழ் பிடிக்கக்கூட அணுக்கள் இருக்காது. வீக்கம், சிவப்பு என்று எதுவும் தெரியாமல் காய்ச்சல் மட்டும் அடிக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும். முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள்.

2020இல் காய்ச்சல் என்றாலே கொரோனா சந்தேகம். மூக்கில் குச்சி, முடிவு வரும்வரை தனி வார்டு, கூட வந்தவர் கேட்டுக்கு வெளியே. எங்கள் தெருவில் ஓர் அக்கா பத்தாம் நாள் ராத்திரி உடம்பு சுட்டதும் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு போர்த்திப் படுத்துவிட்டார். விடிந்ததும் கேட்டால், "சூடு இறங்கிடுச்சே" என்கிறார். மாத்திரை சூட்டைத்தான் இறக்கும், கிருமியை இறக்காது. அதட்டித்தான் அனுப்பினோம், பிழைத்தார். "செத்தாலும் பரவால்ல, தனியா போட்டுடுவாங்களோன்னு பயம்" என்று பிறகு சொன்னார். மருத்துவமனைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; தொற்றைத் தடுக்கத்தான் அந்த விதிகள். ஆனாலும் உடன் ஒருவரையாவது விட்டிருக்கலாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

நல்லதும் ஒன்றிரண்டு நடந்தது. மார்பகப் புற்றுக்கு மூன்று வாரம் 15 முறை தரும் கதிர்வீச்சை, பலருக்கு ஒரே வாரத்தில் 5 முறையாகச் சுருக்கினாலும் போதும் என்று பிரிட்டனில் நடந்த ஆய்வின் முடிவு அந்த ஏப்ரலில்தான் வந்தது; நல்ல நேரத்தில் வந்தது. இன்னொன்று எந்தக் கேள்வித்தாளிலும் ஏறாது. கீமோ நோயாளிகள் முன்பே மாஸ்க் போட்டவர்கள்தான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் நகர்ந்து உட்காருவார். 2020இல் ஊரே மாஸ்க் போட்டதும் அந்தப் பார்வை நின்றது.

பெரியவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "எங்க மச்சினிக்கும் இப்பதான் கீமோ" என்றார். அவருக்குச் சொன்னதே உங்களுக்கும்: வீட்டில் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், ராத்திரி என்றும் பார்க்காதீர்கள். போகும்போது கூட ஒருவர் போங்கள்.