காளான் பேசுகிறதா, சாப்பிடுகிறதா?

காளான்கள் 50 சொற்கள் வரை பேசுவதாக 2022இல் ஒரு செய்தி உலகைச் சுற்றி வந்தது. பிரிஸ்டலில் உள்ள மேற்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ அடமாட்ஸ்கி நான்கு காளான் இனங்களில் மின்முனைகளைச் செருகி எழுதிய ஆய்வுக் கட்டுரைதான் அதன் மூலம். மின்துடிப்புகள் பதிவானது உண்மை. ஆனால் நெருங்கி வந்த துடிப்புகளைக் கொத்தாக்கி ‘சொல்’ என்றது அவர், காளான் அல்ல. துடிப்புகளுக்கு இடையிலான சராசரி இடைவெளியே வெட்டும் அளவுகோல். அதை மாற்றினால் அகராதியும் மாறும். ஒரு துடிப்பு முடியவே 1 முதல் 21 மணி நேரம் ஆகிறது என்பதைத் தலைப்புச் செய்திகள் சொல்லவில்லை.

மொழி கிடக்கட்டும். அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

நம் நரம்புச் செல் சோடியத்தை வெளியேற்றி, தன் சவ்வின் இருபுறத்துக்கும் இடையே சுமார் 70 மில்லிவோல்ட் வேறுபாட்டைக் காக்கிறது. பூஞ்சை வெளியேற்றுவது புரோட்டானை. ரொட்டியில் படரும் நியூரோஸ்போராவின் சவ்வில் இந்த வேறுபாடு 200 மில்லிவோல்ட்டைத் தொடுகிறது.

மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் போன்றது இந்தப் புரோட்டான் பம்ப். மின்கட்டணம் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு; செல்லின் ஏடிபி வருமானத்தில் பெரும் பங்கை இந்தப் பம்பே விழுங்குகிறது. ஏற்றிய தண்ணீர் சும்மா இறங்குவதில்லை. ஒவ்வொரு சொட்டும் தெருவில் கிடக்கும் சர்க்கரையின் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்து வருகிறது. அடுத்த குழாயில் அமினோ அமிலம். மளிகைக் கடைக்கே போக வேண்டாத வீடு! சயனைடு கொடுத்து ஏடிபி உற்பத்தியைத் தடுத்தால், கரண்ட் போன மோட்டார்போல் மின்னழுத்தம் சரிகிறது. வால்வுகளும் உண்டு: ஈஸ்ட்டின் டோக்1 என்ற அயனிக் கால்வாய், சவ்வின் மின்னழுத்தம் சரியும்போது திறந்து பொட்டாசியத்தை வெளியே விட்டுச் சரிவைத் தடுக்கிறது. இத்தனை குழாய்கள் திறந்து மூடும் வீட்டில் சத்தம் கேட்பது இயல்பு. தெருவில் நின்று கேட்டுவிட்டு உள்ளே கவியரங்கம் என்றால் எப்படி?

வரலாறு சுருக்கமாக: நியூரோஸ்போராவின் மின்துடிப்பை கிளிஃபோர்ட் ஸ்லேமன் குழு 1976இல் வெளியிட்டது. ஈஸ்ட்டின் அயனிக் கால்வாய்கள் 1986இல் அளக்கப்பட்டன. டோக்1 அடையாளம் காணப்பட்டது 1995இல்.

அதே 1995இல் ஸ்வீடனின் ஓல்சனும் ஹான்சனும் ஆர்மிலேரியா என்ற பூஞ்சையின் இழைகள்மீது மரக்கட்டை ஒன்றை வைத்தார்கள். துடிப்புகள் வேகமெடுத்தன. ஆர்மிலேரியாவுக்கு மரம்தான் சாப்பாடு. ஆக, இழை உணவை உணர்கிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது.

சேதி என்று சொல்ல இன்னொன்று வேண்டும்: துடிப்பு மறுமுனையை எட்டி, அங்கே வளர்ச்சியையோ நொதிச் சுரப்பையோ மாற்றியதாகக் காட்ட வேண்டும். அடமாட்ஸ்கி பதிவு செய்த துடிப்புகளின் உயரம் 0.03 முதல் 2.1 மில்லிவோல்ட். மின்முனையைச் சுற்றி ஈரம் காய்ந்தாலே அவ்வளவு ஆட்டம் வரலாம் என்பதால், இறந்த இழையிலும் அதே மின்முனையைச் செருகி அத்தனை மணி நேரம் காத்திருந்து பார்ப்பது முதல் வேலை.